மரிசாலுக்கு என்ன குணம்?

1

என் மகள் என்னைக் கொன்றுவிட்டாள். பென்சிலால்தான் கொன்றாள். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி கிடந்தது. மேலே அவளுடைய கையெழுத்தில் 'றூனா' என்று ஒரு பெயர். அதற்குக் கீழே வரிசையாகக் கேள்வியும் பதிலும். வயது: பத்தொன்பது. தொழில்: களவு. குணம்: வாய்க்காரி, ஒருத்தருக்கும் பயமில்லை. அம்மா: தெரியாது. அப்பா: செத்துவிட்டார்.

'செத்துவிட்டார்' என்பதை நோர்வே மொழியில் எழுத மூன்றே மூன்று எழுத்துப் போதும். அந்த மூன்றெழுத்தையும் அவள் அடித்து அழித்துத் திருத்தாமல் ஒரே இழுப்பில் எழுதியிருந்தாள். எனக்கு அதுதான் கூடக் கோபம்.

"றெஜினா!" என்று போட்ட சத்தத்தில் மனைவி கையில் துவாயோடு ஓடி வந்தாள். கடதாசியை வாசித்தாள். வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள்!

"இது அவளின்ர விளையாட்டுக் கடதாசி. சனிக்கிழமையில போறாளே, அது. நீங்கள் ஏன் அதைத் தூக்கிப் பாக்கிறியள்?"

"அப்பா செத்திட்டார் எண்டு எழுதி வைச்சிருக்கிறாள். உனக்குச் சிரிப்பு வருதோ?"

"என்னைத் தெரியாது எண்டெல்லோ எழுதியிருக்கிறாள். நான் கோவிக்கிறனோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்லவேண்டும். நான் மன்னார்ப் பள்ளிமுனையான், சூசை. இருபது வயதில் வெளிக்கிட்டு நோர்வேக்கு வந்து சேர்ந்தவன். ஒன்பது வருசம் வடக்கே ஒரு தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டினேன். இப்போது பேர்கன் என்கிற இந்த மழை ஊரில் பஸ் ஓட்டுகிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, அனெற். இந்த வருசம் பள்ளிக்கூடம் முடிக்கிறவள், வசந்தகாலத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, உப்பைத் தாருங்கோ என்று கேட்பது மாதிரிச் சொன்னாள்: "நான் துறொம்சோவுக்குப் படிக்கப் போறன்."

துறொம்சோ எங்கே இருக்கிறது என்று தெரியுமோ? பேர்கனிலிருந்து விமானத்தில் இரண்டு மணித்தியாலம் வடக்கே. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. அங்கே போய் என்ன படிக்கப் போகிறாள்? மீன்! மீன்களைப் பற்றி ஐந்து வருசம் படிக்கப் போகிறாளாம். மீன் நாற்றம் கையை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுசில் பாதியைத் தேய்த்துக் கழுவினவனின் மகள்!

நான் இல்லை என்றேன். பேர்கனில் பல்கலைக்கழகம் இல்லையோ, கடல் இல்லையோ, மீன் இல்லையோ என்று கேட்டேன். "இருக்கு. ஆனா இங்க படிச்சா நான் உங்கட வீட்டிலதான் இருக்கவேணும்" என்றாள். எங்கட வீடு என்று சொல்லவில்லை, உங்கட வீடு. அதற்குப் பிறகு என்னோடு ஓம், இல்லை, தெரியாது, இந்த மூன்று சொல்லோடு சரி.

விண்ணப்பத்தை நிறுத்தலாமோ என்று அறிய அவளுடைய பள்ளிக் கந்தோருக்கும் போனேன். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவள் விண்ணப்பித்தாளா இல்லையா என்பதைக்கூட உங்களுக்குச் சொல்ல முடியாது, அவளிடமே கேளுங்கள் என்றாள் அங்கிருந்தவள். அவளிடம் கேட்க முடியாததால்தானே உன்னிடம் வந்தேன் என்று சொல்ல விரும்பினேன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கோபம் வந்தால் எனக்கு நோர்வே மொழி வராது. வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

2

அடுத்த நாள் காலை அனெற் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது கடதாசியை முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"என்ர ஆள். றூனா. அது நான் இல்லை, அப்பா."

"அவளுக்கு ஏன் அப்பா இல்லை?"

"அப்பா இருந்தா அவள் ஒரு இடமும் போகேலாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் வெண்ணெயை மூலைவரை ஒழுங்காகப் பூசிக்கொண்டே சொன்னாள். "எல்லாற்ற ஆள்களுக்கும் அப்படித்தான். அப்பா அம்மா இருந்தா கதை வீட்டிலயே நிண்டிடும்" என்று விளக்கமும் தந்தாள். பிறகு, "வேணுமெண்டா வந்து பாருங்கோ. ஆனா கத்தக்கூடாது" என்றாள்.

நான் போகிற எண்ணத்தில் இல்லை. அந்த விளையாட்டுக்காகத்தான் பதின்மூன்று வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவள். றெஜினாதான் விடவில்லை. "அந்தப் பிள்ளை வாய் திறந்து கதைக்கிற இடம் அது ஒண்டுதான். போய் இருங்கோவன். என்ன, பாவமே?"

நூலகத்தில் ஒரு அறை. நீளமான மேசை. கொம்பியூட்டர் எதுவும் இல்லை. கடதாசி, பென்சில், இருபது முகமுள்ள தாயக்கட்டைகள், ஒரு பை உருளைக்கிழங்குப் பொரியல். ஹென்றிக் என்று சிவப்புத் தாடிக்காரன் ஒருவன்தான் கதையை நடத்துகிறவன். ஹோடான் என்று ஒரு சோமாலியப் பெண், அனெற்றோடு படிக்கிறவள். பிறகு அனெற். நான் நாலாவது.

விளையாட்டு இவ்வளவுதான்: ஹென்றிக் இடத்தைச் சொல்வான். காடு, கோட்டை, சந்தை. மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆளாக இருந்து, அந்த ஆள் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று சொல்லவேண்டும். முடியுமா முடியாதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். கூத்து மாதிரித்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் கூத்தில் அண்ணாவியார் ஆளைப் பார்த்து வேஷம் கொடுப்பார், கொப்பியில் இருக்கிற பாட்டைப் பாடவேண்டும். எனக்கு ஒருமுறை சேவகன் வேஷம் கிடைத்தது. 'அப்படியே ஆகட்டும் மகாராசா' என்ற ஒரு வசனத்தோடு விடியும்வரை ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கே அண்ணாவியாரும் இல்லை, கொப்பியும் இல்லை. என்னைவிட இருபத்தைந்து வயது குறைந்த ஹென்றிக், "சூசை, உன் ஆள் யார்?" என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மரிசால் என்று பெயர் வைத்தேன். மீன்பிடிகாரன் என்றேன்.

"குணம்?"

"நல்ல மனிதன்."

"அது குணமில்லை" என்று ஹோடான் சிரித்தாள்.

ஹென்றிக் ஒரு படிவத்தை நீட்டினான். நாலு கேள்வி. உன் ஆளுக்கு என்ன ஆசை? எதற்குப் பயம்? யாருக்காக எதையும் செய்வார்? கெட்ட குணம் என்ன? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கந்தோரில் இருத்தி, மொழிபெயர்க்க ஒருவரைப் பக்கத்தில் வைத்து, இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். எதற்குப் பயம்? யார் இருக்கிறார்கள்? தலைமன்னாரில் ஏறின வள்ளத்தில் எத்தனை பேர்? முதல் நாள் பன்னிரண்டு என்றேன். மூன்றாம் நாள் பதின்மூன்று என்றேன், ஏனென்றால் முதல் நாள் மடியில் இருந்த கைக்குழந்தையை எண்ண மறந்துவிட்டேன். அந்த ஒரு குழந்தைக்காக என் அகதி விண்ணப்பத்தைப் பத்து மாதம் தூக்கி வைத்துவிட்டார்கள். ஒரு தடவை சொன்னதை ஆயுசுக்கும் மாற்றக்கூடாது, புதிதாக எதையும் சொல்லக்கூடாது என்று அங்கே படித்தவன் நான். என்னைப் போய்க் கற்பனை பண்ணச் சொன்னால்?

நாலு கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதினேன். ஹென்றிக் பார்த்துவிட்டு, "ஆசையும் இல்லை, பயமும் இல்லை. இந்த மனிதர் ஏன் காலையில் எழும்புகிறார்?" என்று கேட்டான். அனெற் கூரையைப் பார்த்தாள்.

3

அன்று நான் விளையாடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் எரிச்சல். ஏனென்றால் றூனா என்கிற அந்தப் பெட்டையை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

வீட்டில் மூன்று சொல்லோடு சீவிக்கிற பிள்ளை அந்த மேசையில் எழும்பி நின்று கையை ஆட்டிக் கதைக்கிறாள். சந்தையில் குதிரைக்காரனோடு பேரம் பேசி அவனையே சிரிக்க வைக்கிறாள். ஹோடானின் ஆளுக்குக் காயம் பட்டபோது தன் மருந்தைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தேவையில்லை என்று பொய் சொல்கிறாள். மூன்று கொள்ளைக்காரர் வழிமறித்தபோது இடுப்பில் கை வைத்து, "போடா விசரா! ஆரெண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாய்? பல்லைக் கழட்டிக் கையில தருவன்!" என்று சுத்தத் தமிழில் கத்தினாள். ஹென்றிக்கும் ஹோடானும் ஒரே குரலில் "போடா விசரா!" என்று மேசையில் தட்டினார்கள். அது றூனாவின் ஆயுதமாம். தாயக்கட்டையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால் எதிரி பயந்து ஓடுவானாம்.

அது என்னுடைய ஏச்சு! காரில் போகும்போது முன்னால் குறுக்கே வெட்டுகிறவனுக்கு நான் கொடுக்கிறது. பின் சீற்றில் இருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், என் வாயை எடுத்துக் கொள்ளைக்காரருக்கு எதிராகப் பாவிக்கிறாள். என்னைச் சாகடித்துவிட்டு என் ஏச்சை மட்டும் சீதனமாக எடுத்துக்கொண்டாள். சந்தோசப்படுவதா, அவமானப்படுவதா? இந்தக் கலகலப்பான பெட்டையை ஏன் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை என்பதுதான் வழி முழுக்க என் மண்டையைக் குடைந்தது. காரில் ஏறி பெல்ற்றைப் போட்டதும் அனெற் பழையபடி ஓம், இல்லை, தெரியாது.

4

மூன்றாவது சனிக்கிழமை நான் எல்லோரையும் மறியலில் போட்டுவிட்டேன்.

கதைப்படி றூனா ஒரு அரசனின் மோதிரத்தைத் திருடியிருந்தாள். அரசன் கெட்டவன், மோதிரம் அவனுடையதும் அல்ல, அதனால் அது சரியாம். ஆட்கள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் ஒரு துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். கரையில் ஒரு வள்ளம். ஹென்றிக் என் பக்கம் திரும்பி, "மரிசால், நீ மீன்பிடிகாரன். இப்போது என்ன செய்கிறாய்?" என்றான்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு விசயம்! நிமிர்ந்து உட்கார்ந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டேன். அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறேன் என்றேன். குடிதண்ணீர் கானை முதலில் ஏற்றச் சொன்னேன். ஹோடான் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான் கேட்டேன்: "பாஸ் எங்கே எடுக்கவேண்டும்?"

"என்ன பாஸ்?"

உங்களுக்குத் தெரியும். ஹென்றிக்குக்கு எப்படித் தெரியும்? நாங்கள் கடலுக்கு இறங்க முதல் கடற்படைக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துத் துண்டு எடுக்கவேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து துண்டைக் கொடுத்து அட்டையை வாங்கவேண்டும். பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான் கடலுக்குப் போனேன். பாஸ் இல்லாமல் வள்ளத்தில் கால் வைப்பது எனக்குப் புத்தியிலேயே வராது. இதை என் அரைகுறை நோர்வே மொழியில் விளக்கினேன். இந்த உலகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றான் ஹென்றிக். துறைமுகம் இருக்கிறது, காவல் இருக்கிறது, பாஸ் மட்டும் இல்லாமல் எப்படி என்று நான் விடவில்லை.

"அப்பா, துரத்திக்கொண்டு வாறாங்கள்! ஏறுங்கோ!"

"ஏறிப்போட்டுத் திரும்பி வரேக்கை பிடிச்சா?"

"திரும்பி வரமாட்டம்!"

இருபது நிமிடம் இதே இழுபறி. ஹென்றிக் பொறுமைசாலி. என்னைச் சமாதானப்படுத்த நினைத்திருக்கவேண்டும். "சரி. ஒரு காவலாளி வருகிறான். 'யார் நீங்கள், எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கிறான்" என்று குரலைத் தடிப்பாக்கிச் சொன்னான்.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. "மரிசால். மீன்பிடி. மூன்று பேர்" என்றேன். "பையில் என்ன?" என்றான் ஹென்றிக். "அரசனுடைய மோதிரம்" என்றேன்.

மேசை அமளிப்பட்டது. ஹோடான் தலையில் கை வைத்தாள். அனெற், "ஐயோ அப்பா!" என்று கத்தினாள். இரண்டு மாதமாக அவர்கள் திட்டம் போட்டுத் திருடின மோதிரம். எல்லோரையும் பிடித்து மறியலில் அடைத்தாகிவிட்டது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் இருக்கிறார்கள், நான் ஒருவன் மட்டும் பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளை மாதிரி நிற்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காரில் அவளே தொடங்கினாள். "ஏன் உண்மையைச் சொன்னீங்கள்? அது விளையாட்டு!"

"கேட்டா சொல்லத்தானே வேணும்."

"மரிசால் பொய் சொல்லலாம். மரிசாலுக்குப் பயமில்லை எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்?"

"என்ர வாய் அவன்ர வாய்தானே! வேற வாய்க்கு நான் எங்க போறது?"

"எழும்பி நிண்டனீங்கள், அப்பா" என்றாள். ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். என் பிள்ளை பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டாள். இனி இந்த விசர் விளையாட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

5

போனேன். அடுத்த சனிக்கிழமை வெள்ளெனவே வெளிக்கிட்டு நின்றேன். இரண்டு பிள்ளைகளை மறியலில் விட்டுவிட்டு வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்க மனம் கேட்கவில்லை. "விசர் விளையாட்டு எண்டீங்கள்?" என்றாள் றெஜினா. பேசாமல் இரு என்றேன்.

மறியலை விட்டு வெளியேற ஐந்து சனிக்கிழமை பிடித்தது. அதற்குள் ஒரு நாள் ஹோடான் என் படிவத்தை இழுத்து எடுத்தாள். "நீங்கள் எழுதமாட்டீர்கள். நாங்கள் பார்த்ததை நான் எழுதுகிறேன்" என்று எழுதத் தொடங்கினாள். மரிசால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஆள் எண்ணுவார். கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். கிடைத்த பாணில் பாதியை மடித்து வைப்பார். நித்திரையாகிற கடைசி ஆள் அவர்தான். வாசித்துக்கொண்டு போனாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றையும் நான் யோசித்துச் செய்யவில்லை. "உங்களுடைய மரிசால் நல்லா அமைந்த ஆள். என்னுடையது ஒரு மந்திரவாதி, அவ்வளவுதான்" என்றாள். அனெற் அந்தக் கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. ஹென்றிக் கேட்டான்: மரிசால் வீட்டை விட்டு எப்படி வந்தார்?

இதுதான் எல்லோரும் அப்பாவைக் கொல்கிற இடம். எனக்கு அது வரவில்லை. பேனையை எடுத்து எழுதினேன்: 'பக்கத்து ஊருக்குப் போய் வருவதாக அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தான்.'

அனெற் தலையைச் சரித்து வாசித்தாள். தமிழில் கேட்டாள். "எந்த ஊர்?"

"முருங்கன்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"வரேக்கை விளக்குக்குத் திரி வாங்கிக்கொண்டு வா எண்டார்."

"மரிசாலின்ர அப்பாவோ?"

"ஓம். மரிசாலின்ர."

நான் அந்தப் பொய்யைச் சொன்ன நேரம் எங்கள் அப்பா கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடலைத் தாண்டுவதற்கு அவர் ஒருநாளும் ஓம் சொல்லியிருக்கமாட்டார். திரும்பிப் போய்ப் பார்க்க எனக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்தபோது அவர் இல்லை. இதை நான் என் பிள்ளைக்கு ஒருநாளும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கு மட்டும் சொன்னேன்.

6

ஆவணியில் பள்ளிமுனையிலிருந்து அண்ணன் ரெலிபோன் எடுத்தார். மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாக வெளிக்கிடுகிறார்களாம். எல்லாம் கதைத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"டேய், பெட்டையைத் தனிய எங்கயோ அனுப்பப் போறியாம். றெஜினா சொன்னாள். உனக்கு மூளை கீளை கழண்டு போச்சோ?"

"நான் அனுப்பேல்லை, அண்ணை. அவள் போறாள்."

"நீ வேண்டாம் எண்டு சொன்னா நிக்கத்தானே வேணும்?"

"அவள் கெட்டிக்காரி. எங்க விட்டாலும் பிழைப்பாள். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ!"

வைத்துவிட்டுத்தான் யோசித்தேன். மூன்று மாதமாக நான் வீட்டில் கத்தினதைத்தான் அவர் சொன்னார். நான் ஏன் அவர்மேல் பாய்ந்தேன்? நான் அனெற்றையா நினைத்துச் சொன்னேன், றூனாவையா? எரிச்சலில் காரைக் கழுவினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அனெற் போவதால் றூனாவும் கதையை விட்டுப் போகவேண்டும். ஒரு பாலத்தடியில் கூட்டம் நிற்கிறது என்று ஹென்றிக் சொன்னான். றூனா ஹோடானின் ஆளைக் கட்டிப்பிடித்தாள், தன் கத்தியைக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அதுவரை நோர்வே மொழியில் கதைத்தவள் தமிழுக்கு மாறினாள்.

"மரிசால், நான் போறன். பொய் சொல்லாமல் சொல்லிப்போட்டுப் போறன்."

மற்ற இருவருக்கும் தமிழ் விளங்காது, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகாதை" என்றேன்.

"ஆர் சொல்லுறது? மரிசாலோ, நீங்களோ?"

"மரிசால் போகச் சொல்லுவான். அவனுக்கென்ன, அவன் கடதாசியில இருக்கிறவன். நான்தான் போகாதை எண்டு சொல்லுறன்." என் குரல் உடைந்துவிட்டது. அந்த அறையில் கத்தக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கத்தவில்லை, அதைவிட மோசமாகப் போய்விட்டது.

அனெற்றின் கண்ணும் கலங்கியிருந்தது. "அப்ப மரிசாலைச் சொல்லச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்" என்றாள்.

மரிசால் சொன்னான். "போட்டு வா, மகள். சாப்பாட்டில பாதியை மடிச்சு வை. ஆக்களை எண்ணிக்கொள்." ஹென்றிக் என்ன நடந்தது என்று கேட்டான். ஒன்றுமில்லை, போகச் சொல்லிவிட்டார் என்று தமிழ் விளங்காத ஹோடானே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் நான் 'போட்டு வா' என்ற அந்த இரண்டு சொல்லையும் சொல்ல ஆயத்தமாகப் போனேன். றெஜினா அழுதாள். அனெற் வந்து, "போட்டு வாறன் அப்பா" என்றாள். "ஜக்கெற்றைப் பூட்டு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. திரும்பி வரும் வழியில் ஒருவன் குறுக்கே வெட்டினான், அவனை ஏசக்கூட மனம் வரவில்லை.

7

அதற்குப் பிறகு அவள் றெஜினாவோடு மட்டும் கதைத்தாள். எல்லாம் நல்லமாம். அறை நல்லமாம், படிப்பு நல்லமாம், சாப்பாடு நல்லமாம். ஒரு பிள்ளைக்கு எல்லாமே நல்லமாக இருந்தால் எங்கேயோ பிழை என்று எனக்குத் தெரியும், ஆனால் யாரிடம் கேட்பது? அந்தப் பள்ளிக் கந்தோர்க்காரியிடமா?

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை, மத்தியானம். நான் நூலகத்துக்கு வெளிக்கிட்டு நின்றேன். ஓம், இன்னும் போகிறேன், சிரிக்காதேயுங்கோ. ரெலிபோன் அடித்தது. அனெற். என்னுடைய இலக்கத்துக்கு.

"மரிசால் நிக்கிறாரோ?" என்றாள். பகிடிக்குத்தான் அப்படிக் கேட்டாள், ஆனால் குரலில் பகிடி இல்லை.

ஓம் நிற்கிறான் என்று சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவனுக்கு எல்லாம் சொல்ல வரும். "அவன் இல்லை. அப்பாதான் நிக்கிறன். சொல்லு" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். சின்னதில் காய்ச்சலுக்கு அழுத மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. இங்கே மத்தியானமே இருட்டு அப்பா, சூரியன் இனித் தைமாதம்தானாம். வகுப்பில் எல்லாருக்கும் கதைக்க ஆள் இருக்கு, எனக்கு ஒருத்தருமில்லை. ஒரு பாடத்தில் பெயில். அம்மாவுக்குச் சொல்லவில்லை. "நீங்கள் சொன்னது சரி. நான் திரும்பி வரட்டோ?"

என்ர யேசுவே! வசந்தகாலத்திலிருந்து நான் காத்திருந்த வசனம். அவள் வாயால், என் இலக்கத்துக்கு, கேட்டே விட்டாள். ஓம் வா என்ற இரண்டு சொல் போதும். பின்னேர விமானத்துக்கு ரிக்கற் எடுத்துக் கொடுப்பேன். அவள் அறை அப்படியே இருக்கிறது, கட்டில் விரிப்பைக்கூட றெஜினா மாற்றி வைத்திருக்கிறாள். ரெலிபோனைக் காதில் வைத்தபடி வீட்டு நடையில் நின்று அந்த அறைக் கதவைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன். "இப்ப வரவேண்டாம். வெளிச்சம் வரட்டும், அதுவரைக்கும் இரு. ஒவ்வொரு நாளும் எனக்கு எடு. அழவேணுமெண்டா எடுத்து அழு. தை முடியவும் பிடிக்காட்டி நானே வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"உண்மையாவோ, அப்பா?"

"உண்மையாத்தான். இரு, பிள்ளை."

சரி என்றாள். மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டுச் சப்பாத்தோடு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். குசினியிலிருந்து வந்த றெஜினா என்ன நடந்தது, ஆர் எடுத்தது என்று கேட்டாள். பிள்ளை வரட்டோ எண்டு கேட்டாள், நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன் என்றேன். என்ன மனிசன் நீங்கள் என்று றெஜினா என்னை ஏசத் தொடங்கினாள். அவள் ஏசி முடியும்வரைக்கும் நான் எழும்பவில்லை.